தாழந்திட்டு: செருப்பைக் கரையில் விட்டுவிட்டுப் போக வேண்டிய தீவு

தைப்பூசத்தன்று எல்லாரும் கோயிலுக்குப் போவார்கள், அதனால் கடற்கரை காலியாக இருக்கும். இது என் கணவர் முரளியின் கண்டுபிடிப்பு. காணும் பொங்கலுக்குக் கோவளம் போய், கடலைப் பார்க்காமல் மனிதத் தலைகளை மட்டும் பார்த்துவிட்டு வந்த கடுப்பு அவருக்கு அடங்கவே இல்லை. அவருடைய அலுவலக நண்பர் ஒருவர் தாழந்திட்டைப் பற்றிச் சொல்லியிருந்தார். பாலாறு கடலில் சேரும் பக்கம், கழிமுகத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் தீவு, படகில்தான் போக முடியும், கடை கிடையாது, கூட்டம் கிடையாது என்று. ஆக, பூச விடுமுறையன்று நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். நான், முரளி, ஐந்தாவது படிக்கும் எங்கள் மகள் யாழினி.

எங்கள் வீடு அஸ்தினாபுரத்தில். காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம், கிளம்பியது ஆறு நாற்பது. காரணம் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டு மனிதர் மூன்றாவது "ஏங்க"வுக்குத்தான் வாயைத் திறப்பார். முதல் "ஏங்க" காதிலேயே விழாது. இரண்டாவது விழும், ஆனால் பதில் வராது. மூன்றாவதுக்கு "ம், சொல்லு" என்று ஒரு சத்தம் வரும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக இதே கதை. அன்றைக்கு அவர் தாமதித்தது புதுச் செருப்பால். முந்தின வாரம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கிய தோல் செருப்பு. அதற்கு எண்ணெய் தடவித் துடைத்துக்கொண்டிருந்தார். மனிதர் இதுவரை கோயில் வாசல்களில் மூன்று ஜோடி தொலைத்தவர். அதனால் செருப்பு விஷயத்தில் அவர் கொஞ்சம் ஒரு மாதிரி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வழி சுலபம். குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி சாலையைப் பிடித்து, தாம்பரம், வண்டலூர் தாண்டி நேராகத் தெற்கே. விடுமுறை என்றாலும் பெருங்களத்தூர் பெருங்களத்தூராகத்தான் இருந்தது, அங்கேயே இருபது நிமிடம் போயிற்று. பொத்தேரியில் டீ. தூக்கம் கலையாத கல்லூரிப் பையன்கள் அரைக்கால் சட்டையோடு வரிசையாக நின்று பரோட்டா தின்றுகொண்டிருந்தார்கள். செங்கல்பட்டில் இடது பக்கம் திரும்பி, திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் பக்கம் ஈசிஆரைத் தொட்டு, பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் கொஞ்ச தூரத்தில் இடப்புறம் ஒரு மண் சாலை. எங்கள் வீட்டிலிருந்து எண்பத்திரண்டு கிலோமீட்டர். மாமல்லபுரம் வழியாகவும் வரலாம், ஆனால் பூச நாளில் திருப்போரூர் நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள்.

மண் சாலை முனையில் ஒரு டீக்கடை. காரை அங்கேதான் விட வேண்டும். அங்கிருந்து தாழம்புதர்களுக்கு நடுவே பத்து நிமிட நடை. படகுத்துறை என்றால் கட்டடம், டிக்கெட் கவுன்டர் என்று எதையாவது கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஒரு புன்னை மரம். அதன் அடியில் இரண்டு கல் மேல் போட்ட பழைய படகுப் பலகை. பலகை மேல் வரிசையாகச் செருப்புகள். எங்களுக்கு முன்னால் போயிருந்த கூட்டத்தின் செருப்புகள் என்று தெரிந்தது. அவ்வளவுதான் துறை.

மரத்தடியில் ஒரு அம்மா வலை பிரித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் அஞ்சலை. படகோட்டும் அருள் அவருடைய தம்பி. ஆளுக்குப் போக வர நூற்றைம்பது, குழந்தைக்குப் பாதி.

"செருப்ப இங்க வுட்டுட்டுப் போங்க சார்," என்றார் அஞ்சலை அக்கா. "திட்டுல செருப்பு போடக் கூடாது. கன்னிமாரு கீறாங்க."

முரளியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "இங்க யாராவது பாத்துப்பாங்களா?" என்றார்.

"செருப்பையா?" அக்கா சிரித்துவிட்டார். "அத்த யாரும் பாத்துக்க வேணாம் சார். அதான் நம்மள பாத்துக்கும்."

எனக்குப் புரியவில்லை. கடலோர ஆட்கள் ஏதோ சாமி விஷயமாகச் சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். யாழினிதான் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பலகையின் ஓரத்தில் ஒரு ஜோடி தனியாக இருந்தது. ஆண்கள் போடும் ரப்பர் செருப்பு, நீல வார், குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டை விழப் போகிற நிலை. ஆனால் ஒரு மணல்துளி கிடையாது, யாரோ அப்போதுதான் துடைத்து வைத்த மாதிரி. மற்ற செருப்புகள் எல்லாம் ஊர்ப் பக்கம் பார்த்திருந்தன. அது மட்டும் தண்ணீரைப் பார்த்திருந்தது.

"ஆன்ட்டி, இது யாருது?"

"எங்க வூட்டுக்காரருது பாப்பா. திட்டுக்குப் போயிருக்காரு. இன்னும் வரல."

நாங்கள் செருப்பைக் கழற்றிப் பலகையில் வைத்துவிட்டுப் படகேறினோம். நானும் யாழினியும் உட்கார்ந்த பிறகு முரளி, "கார் பூட்டினேனான்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்று ஓடினார். திரும்பி வர இருபது நிமிடம். அருள் முணுமுணுத்தார். அக்கா அதற்குள் வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். நான் மானம் போகிறதே என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படகுப் பயணம் இருபது நிமிடம். கழிமுகம் முதலில் அகலமாக இருக்கிறது, பிறகு சதுப்புச் செடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. கொக்குகள், ஊன்றிய மூங்கில்கள், பச்சைத் தண்ணீர். இரண்டாவது வளைவில் புன்னை மரம் மறைந்துவிடும். அதற்கப்புறம் கரை தெரியாது, கரைக்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள். பத்தேகாலுக்குத் திட்டில் இறங்கினோம்.

அழகு என்றால் அழகு. நீளம் ஒரு கிலோமீட்டர் இருக்கும். அகலம் எங்கள் தெரு அளவுதான். ஒரு பக்கம் அசையாத கழிமுகம், மறுபக்கம் கடல். தென்கோடியில் மட்டும் கொஞ்சம் மேடு, அதில் பத்துப் பன்னிரண்டு சவுக்கு மரங்கள், அவற்றின் அடியில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள். கன்னிமார்.

அருள் போவதற்கு முன் ஈர மணலுக்கு மேலே, காய்ந்த பாசி ஒரு கோடாகக் கிடந்த இடத்தைக் காட்டினார். "இன்னிக்கிப் பவுர்ணமி. சாயங்காலம் தண்ணி ஏறும். அந்தக் கோட்டையும் தாண்டி வந்துரும், அப்புறம் நிக்க எடம் கெடையாது. நாலு மணிக்கு எங்க தாய்மாமா கடைசி போட் எடுத்தாருவாரு. நான் மதியத்துக்கு மேல காவடி பாக்கப் போறேன்."

"அவருக்கு நாங்க இருக்கறது தெரியுமா?" என்று நான் கேட்டேன். ஆசிரியை புத்தி, சுற்றுலா போனாலும் தலை எண்ணும்.

"அதெல்லாம் தெரியும்க்கா," என்று இன்ஜினைக் கிளப்பிவிட்டார்.

எங்களுக்கு முன்பே பொத்தேரியிலிருந்து ஆறு மாணவர்கள் வந்திருந்தார்கள். பாட்டு, பந்து, ஒரே கலாட்டா. அவர்கள் இருக்கும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கொண்டுபோன எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், உருளைக்கிழங்கு வறுவலைச் சாப்பிட்டோம். யாழினி முழங்கால் வரைக்கும் கடலில் நின்றாள், எங்கள் மூன்று பேருக்குமே நீச்சல் தெரியாது. ஒன்றரை மணிக்கு அருள் வந்து மாணவர்களை ஏற்றிக்கொண்டார். அதில் ஒரு பெண் தூரத்திலிருந்தே, "அக்கா, நீங்க வரலையா?" என்று கத்தினாள். வரவில்லை என்று கை காட்டினேன். இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறதே என்ற பேராசை.

இன்ஜின் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் அந்த இடம் எவ்வளவு அமைதி என்று தெரிந்தது. கடல் சத்தம் இருந்தது, காற்று இருந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று சத்தமே இல்லாமல் இருந்தது. எனக்கு இதை வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

"அம்மா, அந்த அங்கிள் எங்க?" என்றாள் யாழினி.

"எந்த அங்கிள்?"

"நீல செருப்பு அங்கிள். இன்னும் வரலன்னு சொன்னாங்கல்ல?"

நானும் முரளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காலையிலிருந்து ஒரு ஆளையும் பார்க்கவில்லை. அது ஒளிந்துகொள்ளக்கூடிய இடமும் இல்லை, நின்ற இடத்திலிருந்தே இந்தக் கோடியும் அந்தக் கோடியும் தெரியும். "மீன் பிடிக்கப் போயிருப்பார்," என்றார் முரளி. "படகு இல்லாமலா?" என்றேன்.

தென்கோடிக்கு நடந்து பார்த்தோம். மாணவர்கள் அந்தப் பக்கம் வரவேயில்லை, மணல் கலையாமல் கிடந்தது. அதில் ஒரே ஒரு வரிசைக் காலடித் தடம். பெரிய கால், வெறுங்கால். கடலிலிருந்து ஏறி, சவுக்கு மரங்கள் வரை வந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை. திரும்பிப் போனதை அலை அழித்திருக்கும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். வந்த தடத்தை மட்டும் அலை ஏன் விட்டுவைத்தது என்று யாழினி கேட்டாள். நல்லவேளை, என் வகுப்பில் அவள் இல்லை.

சவுக்குக் கிளை ஒன்றில் ஒரு எவர்சில்வர் தூக்கு தொங்கியது. மூடிமேல் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. முரளி அவிழ்த்துப் பார்த்தார். உள்ளே விளிம்பு வரை நல்ல தண்ணீர், தெளிவாக, சில்லென்று. ஆள் இல்லாத தீவில் யாருக்கோ குடிக்கத் தண்ணீர் வைத்திருந்தது. "கட்டி வைங்க முதல்ல," என்றேன். கட்டி வைத்துவிட்டுப் படகு வரும் இடத்துக்குத் திரும்பினோம்.

மூன்றே முக்காலுக்கே சாமான்களை எடுத்துக்கொண்டு தயாராக நின்றோம். நாலு ஆயிற்று. நாலே கால் ஆயிற்று. இவர்கள் நேரம் நம் நேரம் இல்லை என்றார் முரளி. நாலரைக்கு அவர் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கற்பூர ஆரத்தி காட்டுவது போல் நாலா பக்கமும் சுற்றினார். சிக்னல் சுத்தமாக இல்லை. காலையில் விரித்திருந்த பாயின் இடத்தில் இப்போது தண்ணீர் இருந்தது. அலை என்று எதுவும் அடிக்கவில்லை, அது பாட்டுக்குச் சத்தமில்லாமல் ஊறி வந்துகொண்டிருந்தது.

கிளிஞ்சல் குத்தி யாழினியின் கால் சிவந்துவிட்டது. உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே, "அப்பா, செருப்பத்தான் கார்லயே வச்சிட்டீங்களே, அதுக்கு போட்டுட்டே வந்திருக்கலாம்ல?" என்றாள்.

"கார்லயா?" என்றேன் நான்.

முரளி தலையைச் சொறிந்தார். "புதுசு சுதா. ஆள் இல்லாத இடம். மூணு ஜோடியையும் பையில போட்டு டிக்கில வச்சிட்டேன். அதுக்குத்தான் ஓடினேன். படகுல ஏறறப்போ இவகிட்ட மட்டும் சொன்னேன்."

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கோயில் புத்தி எங்கே போனாலும் போகாது என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. அதான் நம்மள பாத்துக்கும். டிக்கெட் இல்லை. பெயர் எழுதவில்லை. காலையில் ஓட்டியவர் வேறு, மாலையில் ஓட்டுபவர் வேறு. அருள் காவடி பார்க்கப் போயாயிற்று. மாமா நாலு மணிக்கு வந்து என்ன பார்த்திருப்பார்? பலகையைப் பார்த்திருப்பார். எங்கள் செருப்பு அங்கே இல்லை. எங்கள் செருப்பு இல்லையென்றால் நாங்கள் திட்டில் இல்லை.

முரளியின் பக்கம் திரும்பினேன். சொன்னேன். முரளிக்குப் புரிந்ததும் அவர் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆனது. அப்புறம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது, பெற்றோர்கள் படிக்கிற வலைப்பூ. மூன்று ஜோடிச் செருப்புக்காக என் பிள்ளையைத் தண்ணீரில் நிறுத்திவிட்டீர்களே என்று கத்தினேன். யாழினி அழ ஆரம்பித்ததும்தான் நான் நிறுத்தினேன்.

ஐந்தரைக்கெல்லாம் பாசிக் கோட்டைத் தண்ணீர் தொட்டுவிட்டது. இருந்த ஒரே மேடு தென்கோடிதான். யாழினியை முரளி தூக்கிக்கொள்ள, கணுக்கால் தண்ணீரில் நடந்து சவுக்கு மரங்களுக்குப் போனோம். காலடித் தடமெல்லாம் போயிருந்தது. எங்கள் தண்ணீர் பாட்டில்கள் மதியமே காலி. உப்புக் காற்றில் யாழினிக்கு உதடு வெடித்திருந்தது. "அம்மா தண்ணி, தண்ணி" என்றாள். வேறு வழியில்லை, தூக்கை அவிழ்த்தேன்.

"அது அங்கிளுக்கு வச்சது," என்றாள்.

"பரவாயில்ல, குடி."

அவள் குடித்தாள். நானும் குடித்தேன், முரளியும் குடித்தார். யாருடைய தண்ணீரையோ குடிக்கிறோம், அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். ஆனாலும் தோன்றியது. கன்னிமார் கற்களின் முன் உட்கார்ந்து, பிள்ளையைக் கரை சேர்த்துவிடுங்கள் தாயே, பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

பின்னால் சூரியன் இறங்கியது. முன்னால் கடலிலிருந்து பூச நிலா எழும்பியது, பெரிதாக, மஞ்சளாக. வேறொரு நாளாக இருந்தால் நூறு போட்டோ எடுத்திருப்பேன். இரண்டு பக்கத் தண்ணீரும் திட்டின் நடுவில் சேர்ந்துவிட்டன. எங்கள் மேடு மட்டும் தனியாக நின்றது. சவுக்கு மரங்கள் ஊ என்று ஊதிக்கொண்டே இருந்தன.

அந்த ஊதலுக்கு நடுவில்தான் அது கேட்டது.

"ஏங்...க... வரீங்களா...?"

பெண் குரல். தண்ணீர்ப் பக்கத்திலிருந்து. இழுத்து, மெதுவாக, வாசலில் நின்று வீட்டுக்காரரைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி.

முரளி என்னைப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை. யாழினி என் புடவையை இறுக்கிப் பிடித்தாள். கழிமுகத்தின் மேல் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீரைத் துழாவும் சத்தம் மட்டும் சளக், சளக் என்று வந்துகொண்டிருந்தது. குரலுக்குப் பதில் சொல்வதா, சொல்லாமல் இருப்பதா என்று அந்த நிமிடம் சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

முதல் கூப்பாட்டுக்குப் பதிலே சொல்லாத என் வீட்டு மனிதர், இரண்டாவதுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து நின்று, தொண்டை கிழிய, "வந்துட்டேன்! இதோ, இங்க இருக்கேன்!" என்று கத்தினார்.

சளக் சத்தம் நின்றுவிட்டது.

ஒன்றுமே கேட்கவில்லை. குரல் இல்லை, துடுப்பு இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, எனக்கு அது ஒரு யுகம். முரளி மறுபடி கத்தவும் பயந்து நின்றார். பிறகு துடுப்பு ஆரம்பித்தது. ஆனால் இப்போது வேகவேகமாக, தப்பும் தவறுமாக, தண்ணீரை அடித்துக்கொண்டு வந்தது. நிலா வெளிச்சத்தில் ஒரு சின்ன மரப்படகு மேட்டில் மோதி நின்றது. படகில் நின்றவர் அஞ்சலை அக்கா.

அவர் முரளியைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் அவர் பார்க்கவே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு முரளியின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அவர் கால்களைப் பார்த்தார். மறுபடி முகம். துடுப்பு கையிலிருந்து நழுவிப் படகுக்குள் விழுந்தது.

"சார், நீங்களா," என்றார்.

அப்படியே படகு விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். ரொம்பச் சின்னக் குரலில், "செருப்ப எங்க வுட்டீங்க?" என்று கேட்டார்.

"கார்ல," என்றார் முரளி.

அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புள்ளய மொதல்ல ஏத்துங்க" என்றார். ஏறும்போது யாழினி காலித் தூக்கை நீட்டினாள். "தண்ணிய நாங்க குடிச்சிட்டோம் ஆன்ட்டி. சாரி."

"குடிக்கத்தான பாப்பா வெச்சது."

படகில் இருந்த கேனிலிருந்து தூக்கை நிரப்பினார். துணியைக் கட்டினார். இறங்கி, அதே கிளையில் மாட்டிவிட்டு வந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

திரும்பும் வழியில் அவராகவே சொன்னார். அவர் மகள் கைக்குழந்தையாக இருந்த சமயம். யாரோ திட்டில் பையை விட்டுவிட்டு வந்தார்கள். எடுத்துவரப் போன அவர் வீட்டுக்காரர் திரும்பவில்லை. படகு மட்டும் கிடைத்தது. அந்த மகள் இப்போது பத்தாவது படிக்கிறாள்.

"பலகைல செருப்பு இருந்தா ஆள் திட்டுல கீதுன்னு அர்த்தம். போய்க் கூப்புடணும். எங்க மாமியாரு காலத்துலேர்ந்து அதான் வழக்கம். அவுரு செருப்பு அங்கதான கீது? அதான் வெளக்கு வெக்கிற நேரத்துக்குத் தெனம் ஒருதபா வந்து கூப்புடுவேன். செருப்ப எடுத்துருன்னு ஊரே சொல்லுது. நான் எப்டி எடுக்குறது?" கொஞ்ச தூரம் துடுப்புப் போட்டார். "இத்தினி வருசத்துல இன்னிக்கித்தான் வரேன்னு ஒரு கொரலு வந்துச்சி."

முரளி விசும்பி அழுதார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அக்காதான், "வுடுங்க சார், புள்ள பயப்புடுது" என்று சமாதானம் செய்தார்.

புன்னை மரத்தடியில் அந்த மாமா டார்ச்சோடு நின்றார். எங்களைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு, "பலகைல ஒண்ணுமே இல்லியேம்மா" என்றார். ஒன்று இருந்தது. அக்கா அந்த நீலச் செருப்பைக் கையில் எடுத்து, முந்தானையால் துடைத்து, தண்ணீரைப் பார்க்க வைத்துவிட்டு, எங்களுக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்துபோய்விட்டார். நன்றி சொல்லக்கூட விடவில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். தாழந்திட்டு போக வேண்டிய இடம்தான், பயமுறுத்த இதை எழுதவில்லை. பௌர்ணமி, அமாவாசை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். காலை எட்டரைக்கே துறைக்கு வந்தால் வெயிலுக்கு முன் குளித்துவிட்டுத் திரும்பலாம். நிழல், கழிப்பறை, கடை எதுவும் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி கட்டாயம். போன் வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களைத் திரும்ப அழைத்துவரப் போகிறவர் யாரோ அவர் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டுப் போங்கள், வேறு யாரோ சொல்லிக்கொள்வார்கள் என்று விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் செருப்பைப் பலகையில் விட்டுவிட்டுப் போங்கள். ஓரத்தில் இருக்கும் நீலச் செருப்பைத் தொடாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள், அக்காவிடம் அதைப் பற்றிக் கேட்காதீர்கள். தூக்கில் இருக்கும் தண்ணீரைத் தேவைப்பட்டால் குடிக்கலாம்.

மாசி பிறந்ததும் நாங்கள் மறுபடி போய்க் கன்னிமாருக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்தோம். முரளி பல்லாவரம் செருப்பைத் தன் கையாலேயே பலகையில் வைத்தார். அக்கா எங்களோடு சாதாரணமாகத்தான் பேசினார், யாழினிக்குக் கிளிஞ்சல் மாலை ஒன்று கொடுத்தார். முரளியிடம் மட்டும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இவர் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் எழுந்து தள்ளிப் போய்விட்டார். கோபம் இல்லை, அது எனக்குத் தெரியும். முரளியின் குரலைக் கேட்க அக்காவால் முடியவில்லை.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் முதல் "ஏங்க"வுக்கே பதில் வந்துவிடுகிறது. குளியலறையில் இருந்தாலும், போனில் இருந்தாலும், "வந்துட்டேன்" என்கிறார். நான் கேலி செய்வதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்றிவிட்டு, ஒரு வேலையும் இல்லாவிட்டாலும் ஒரு தரம் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.